லா பாஸா, குஸ்கோவா, கித்தோவா? ஆண்டிஸில் மவுண்டன் பைக் ஓட்ட எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது

தென் அமெரிக்கப் பயணம் முடிவாகிவிட்டது. போகிற இடத்தில் ஒன்றிரண்டு நாளாவது ஆண்டிஸ் மலையில் சைக்கிள் ஓட்டிவிட வேண்டும் என்று ஆசை. பொலிவியாவின் லா பாஸில் தங்குவதா, பெருவின் குஸ்கோவிலா, ஈக்வடாரின் கித்தோவிலா என்பதில்தான் பலர் திணறுகிறார்கள். பெரும்பாலோர் பாதையின் புகழை வைத்தே யோசிக்கிறார்கள். 'மரணச் சாலை' என்ற பெயரைக் கேட்டதுமே லா பாஸுக்கு டிக்கெட் தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

நான் வேறு மாதிரி யோசிக்கச் சொல்வேன். சைக்கிள் ஓட்டப்போவது ஒரு நாள் அல்லது இரண்டு நாள். அந்த ஊரில் தூங்கப்போவது நாலைந்து இரவு. முதல் மூன்று இரவு எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஒரு நாள் இனிக்கும், அல்லது தலைவலியும் வாந்தியுமாகப் போகும். அதனால் ஊரின் உயரத்தை முதலில் பாருங்கள், பாதையை அப்புறம் பார்க்கலாம்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

தூங்கும் உயரம். தமிழ்நாட்டின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர். இந்த மூன்று ஊர்களில் தாழ்வான கித்தோவே 2,850 மீட்டரில் இருக்கிறது. குஸ்கோ சுமார் 3,400 மீட்டர். லா பாஸ் நகர மையம் சுமார் 3,600 மீட்டர், அதன் விமான நிலையம் இருக்கும் எல் ஆல்டோ 4,000 மீட்டரைத் தாண்டுகிறது. கடல்மட்டத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் கித்தோவில் கிடைப்பது 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். குஸ்கோவில் மூன்றில் இரண்டு பங்கு, லா பாஸில் அதைவிடச் சற்றுக் குறைவு.

3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவான அறிவுரை. விமானத்தில் வந்து இறங்குகிறவர் அந்தக் கணக்கை முதல் நாளே மீறிவிடுகிறார். வயது குறைவு, ஜிம்முக்குப் போகிறேன், மாரத்தான் ஓடுவேன் என்பதெல்லாம் இங்கே கைகொடுக்காது. நல்ல உடற்கட்டு உள்ளவர்கள்தான் பல சமயம் அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே லே போய் வந்தவர்களுக்கு ஒரு துப்பு கையில் இருக்கிறது. லே சுமார் 3,500 மீட்டர். அங்கே முதல் இரண்டு நாள் உடம்பு எப்படி இருந்ததோ, குஸ்கோவிலும் லா பாஸிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

பாதையின் தன்மை. 'மவுண்டன் பைக்' என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. சரளைச் சாலையில் பிரேக்கைப் பிடித்தபடி இறங்குவது ஒரு வகை. கல்லும் வேரும் படிக்கட்டுமாக இருக்கும் ஒற்றையடித் தடத்தில் இறங்குவது இன்னொரு வகை. முதலாவதற்குத் தைரியமும் கவனமும் போதும், இரண்டாவதற்குப் பழக்கம் வேண்டும்.

ஆபத்தென்றால் கீழே இறங்கும் வழி. உயர நோய் முற்றினால் உண்மையான சிகிச்சை கீழே இறங்குவதுதான். ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டர் இறங்க முடியுமா என்று பாருங்கள்.

இவற்றோடு விமானமும் விசாவும், மழைக்காலம், சைக்கிள் ஓட்டாத துணையோ பெற்றோரோ கூட வந்தால் அவர்களுக்கு ஊரில் என்ன இருக்கிறது ஆகியவையும் சேரும்.

| எதைப் பார்ப்பது | லா பாஸ் | குஸ்கோ | கித்தோ |
|---|---|---|---|
| தூங்கும் உயரம் | சுமார் 3,600 மீ. | சுமார் 3,400 மீ.; உருபாம்பா பள்ளத்தாக்கில் தங்கினால் சுமார் 2,800 மீ. | சுமார் 2,850 மீ. |
| பேர்பெற்ற பாதை | யுங்காஸ் 'மரணச் சாலை' | மராஸ் – மொராய், மாலகா கணவாய் | கோட்டோபாக்ஸி எரிமலை |
| தேவைப்படும் திறமை | கொஞ்சம். நிதானம் நிறைய | எளிது முதல் மிகக் கடினம் வரை | கொஞ்சம் |
| வறண்ட மாதங்கள் | மே – அக்டோபர் | மே – செப்டம்பர் | ஜூன் – செப்டம்பர் |
| ஐரோப்பாவிலிருந்து | ஒன்று அல்லது இரண்டு மாற்றம் | லிமாவில் ஒரு மாற்றம் | மட்ரிட், ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேரடி விமானம் |
| ஓட்டாதவர்களுக்கு | கேபிள் கார், சந்தைகள், டிட்டிகாகா ஏரி | இன்கா இடங்கள், மாச்சு பிச்சு | பழைய நகரம், நிலநடுக்கோடு |

## லா பாஸ்: பெரிய இறக்கம், பெரிய உயரம்

இந்த ஊருக்கு நிகரான காட்சி வேறெங்கும் இல்லை. எல் ஆல்டோவின் சமவெளி விளிம்பிலிருந்து பார்த்தால் பள்ளம் முழுக்கச் செங்கல் வீடுகள், பின்னால் இல்லிமானி மலையின் பனி. 2014 முதல் ஓடும் கேபிள் கார்தான் இங்கே நகரப் போக்குவரத்து. அலுவலகம் போகிறவர்களோடு உட்கார்ந்து ஊரையே மேலிருந்து பார்த்துவிடலாம்.

சைக்கிள் ஓட்ட வருகிறவர்களில் பெரும்பாலோர் தேடி வருவது யுங்காஸ் சாலை. ஊரிலிருந்து வேனில் ஒரு மணி நேரத்துக்குள் லா கும்ப்ரே கணவாய் வந்துவிடும். உயரம் சுமார் 4,650 மீட்டர். அங்கிருந்து கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் இறங்கி, சுமார் 1,200 மீட்டரில் இருக்கும் யோலோசாவில் முடிகிறது. காலையில் கை விறைக்கும் குளிர். மதியம் கீழே வாழை மரங்களுக்கு நடுவே வியர்த்துக் கொட்டும். ஒரே நாளில் மூவாயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம் என்பது உலகில் அதிக இடங்களில் கிடைக்காது.

பொலிவியாவும் பராகுவேயும் மோதிய சாக்கோ போரில் பிடிபட்ட பராகுவே கைதிகளை வைத்து 1930களில் வெட்டிய சாலை இது. பல இடங்களில் அகலம் மூன்று மீட்டர்தான், ஓரத்தில் தடுப்பும் கிடையாது. 1983இல் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1995இல் அமெரிக்கநாடுகள் வளர்ச்சி வங்கி இதை உலகின் மிக ஆபத்தான சாலை என்று குறிப்பிட்டது. 2000களின் நடுவில் புதிய தார்ச்சாலை திறந்த பிறகு லாரியும் பேருந்தும் அந்தப் பக்கம் போய்விட்டன. பழைய சாலை பெரும்பாலும் சைக்கிள்காரர்களுக்கே ஆகிவிட்டது. அதற்காக ஆபத்து போய்விடவில்லை. சைக்கிளில் வந்தவர்களும் இங்கே இறந்திருக்கிறார்கள். வழியில் நிற்கும் சிலுவைகளைப் பார்த்தபடிதான் இறங்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. பொலிவியாவில் எல்லாரும் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். முதல் பகுதியான தார்ச்சாலையில் நீங்களும் வலப்பக்கம்தான். பழைய மண்சாலை தொடங்கியதும் விதி தலைகீழாகி, இடப்பக்கம் வந்துவிட வேண்டும். வண்டியோட்டி இடது இருக்கையில் உட்காருவதால், இறங்குகிற வண்டி இடது ஓரத்தில் போனால்தான் தன் சக்கரம் விளிம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியும். ஏறி வருகிற வண்டிக்கே முன்னுரிமை, அது மலைச்சுவரை ஒட்டி வரும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு இது இயல்பாகவே தோன்றும். ஆனால் அந்த இடது ஓரம்தான் பள்ளத்தின் ஓரம். நின்று படம் எடுக்கும்போது சைக்கிளைவிட்டு எப்போதும் மலைச்சுவர்ப் பக்கமாக இறங்குங்கள்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் பாதை கடினமே இல்லை. சாலையாகப் போட்டதுதானே! நிலையாக உட்கார்ந்து, வேகத்தை அடக்கி, முன்னால் போகிறவரை முந்தாமல் வரத் தெரிந்தால் போதும். ஒற்றையடித் தடத்தில் ஓட்டிப் பழகிய தேர்ந்த ஆள் ஒருவருக்கு, காட்சியை எடுத்துவிட்டால் இது சலிப்பாகக்கூட இருக்கும். அப்படிப்பட்டவர்கள் லா பாஸுக்கு வந்தால் சக்கல்தாயாவிலிருந்து ஸோங்கோ பள்ளத்தாக்குப் பக்கம் இறங்குவதையும், சொராட்டாவைச் சுற்றியுள்ள தடங்களையும் விசாரிக்க வேண்டும். சக்கல்தாயாவின் உச்சி 5,400 மீட்டரைத் தாண்டுகிறது. ஒரு காலத்தில் உலகின் மிக உயரமான பனிச்சறுக்கு இடம் அது. அதன் பனிப்பாறை 2009இல் முற்றிலும் மறைந்துபோனது.

எனக்கு லா பாஸில் இருக்கும் தயக்கம் பாதை பற்றியதல்ல. வந்து இறங்குவதே 4,000 மீட்டரில். அடுத்த நாளே 4,650 மீட்டரில் சைக்கிள் ஏறும் திட்டத்தை இரண்டு இரவு மட்டும் ஒதுக்கி வருகிறவர்கள் போட்டுவிடுகிறார்கள். இறங்குகிற பாதைதானே, மிதிக்க வேண்டாமே என்பது அவர்கள் கணக்கு. ஆனால் தலைவலியும் தூக்கக்கலக்கமும் உள்ளவருக்கு முதலில் மழுங்குவது கவனம். இந்தச் சாலையில் கவனம்தான் எல்லாம். அதற்கு மேல் நடுவில் மிதித்து ஏற வேண்டிய பகுதிகளும் உண்டு.

இரண்டு வழி உதவும். நகர மையத்தில் அறை எடுக்காமல் தெற்குப் பகுதியில் எடுங்கள், அது சில நூறு மீட்டர் தாழ்வு. அப்புறம், சைக்கிள் முடிந்த அன்றே வேனில் மூன்று மணி நேரம் மேலே திரும்பி வராமல், யோலோசாவுக்கு மேலே சுமார் 1,700 மீட்டரில் இருக்கும் கொரோய்கோவில் ஒரு இரவு தங்கிவிடுங்கள். அன்றைய தூக்கத்துக்கே அது தகும்.

லா பாஸ் யாருக்கு: குஸ்கோவிலோ டிட்டிகாகா ஏரிப் பக்கத்திலோ ஏற்கெனவே ஒரு வாரம் உயரத்தில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு. உயுனி உப்புப் பாலைவனமும் திட்டத்தில் உள்ளவர்களுக்கு. பெரிய திறமை இல்லாவிட்டாலும் நிதானம் உள்ளவர்களுக்கு.

யாருக்கு வேண்டாம்: பத்து நாள் விடுப்பில் நேரே பறந்து வருகிறவர்களுக்கு, இதய அல்லது நுரையீரல் தொல்லை உள்ளவர்களுக்கு, உயரத்திலிருந்து கீழே பார்த்தால் தலைசுற்றுகிறவர்களுக்கு.

## குஸ்கோ: தாழ்வில் தூங்கி உயரத்தில் ஓட்டலாம்

குஸ்கோ ஊர் 3,400 மீட்டர் என்றாலும் அங்கேயே தங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதுதான் மற்ற இரண்டையும்விட இந்த ஊருக்கு உள்ள பெரிய சாதகம். விமான நிலையத்திலிருந்து அப்படியே வண்டி பிடித்து உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடலாம். உருபாம்பா ஊர் சுமார் 2,870 மீட்டர், ஒய்யான்தாய்தாம்போ சுமார் 2,800 மீட்டர். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரப் பயணம். முதல் மூன்று இரவை அங்கே கழித்து, அங்கிருந்தே சைக்கிள் ஓட்டி, மாச்சு பிச்சுவுக்கு ரயில் ஏறி, கடைசியில் குஸ்கோவுக்கு ஏறி வந்தால் உடம்பு திணறாது. மாச்சு பிச்சு 2,430 மீட்டர்தான். பலர் இதைத் தலைகீழாகச் செய்து முதல் இரண்டு நாளைக் குஸ்கோ விடுதி அறையில் படுத்தே தொலைக்கிறார்கள்.

பாதைகளில் எல்லோருக்கும் ஏற்றது மராஸ் – மொராய். சின்சேரோ பக்கத்துச் சமவெளியில், சுமார் 3,700 மீட்டரில் தொடங்கி, உருளைக்கிழங்கும் கோதுமையும் விளையும் வயல்களுக்கு நடுவே செம்மண் பாதையில் ஓடும். நடுவில் மொராயின் வட்டவட்டமான படிநிலங்கள். இன்கா மக்கள் அவற்றைப் பயிர்ச் சோதனைக்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்று கருதுகிறார்கள். அங்கிருந்து மராஸ் கிராமம், பிறகு உப்பளம். மலைச்சரிவில் ஆயிரக்கணக்கான சிறு பாத்திகள், ஒரே உப்பு ஊற்றிலிருந்து வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர். ஒவ்வொரு பாத்தியும் ஒரு குடும்பத்துடையது. மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் சமதரையில் பார்த்த உப்புப் பாத்தியை இங்கே மலைச்சுவரில் அடுக்கியதுபோலப் பார்க்கலாம். வெள்ளையும் பழுப்பும் இளஞ்சிவப்புமாக நிறம் பாத்திக்குப் பாத்தி மாறும்.

உப்பளத்துக்குக் கீழேதான் உண்மையான மவுண்டன் பைக் தொடங்குகிறது. ஆற்றை நோக்கி இறங்கும் குறுகிய தடம். ஒரு பக்கம் சரிவு, டயருக்கடியில் தளர்ந்த கல், கூர்மையான திருப்பங்கள். பயமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வரலாம், கொஞ்ச தூரத்தில் பள்ளத்தாக்கு வந்துவிடும். புதிதாக ஓட்டுகிறவரும் தேர்ந்தவரும் ஒரே குழுவில் வந்து இருவரும் திருப்தியாகத் திரும்பக்கூடிய பாதை இது.

இரண்டாவது மாலகா கணவாய், 4,316 மீட்டர். இதில் இரண்டு விதம் உண்டு, முன்பதிவு செய்யும்போது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயண நிறுவனங்கள் விற்பது பெரும்பாலும் தார்ச்சாலையில் சாந்தா மரியா பக்கம், மேகக்காட்டுக்குள் இறங்குவது. வேகமும் காட்சியும் உண்டு, ஆனால் லாரிகளோடு சாலையைப் பகிர வேண்டும், பனிமூட்டம் வேறு. இன்னொன்று ஒய்யான்தாய்தாம்போ பக்கம் இறங்கும் ஒற்றையடித் தடங்கள். இந்தப் பக்கத்தில் போட்டிப் பந்தயங்களே நடக்கின்றன. முழு சஸ்பென்ஷன் சைக்கிள், முகம் மறைக்கும் ஹெல்மெட், முழங்கால் காப்பு இல்லாமல் அதைத் தொடக்கூடாது. சைக்கிளுக்காகவே தென் அமெரிக்கா போகிறவர் என்னைக் கேட்டால், மரணச் சாலைக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

குஸ்கோவின் குறை கூட்டமும் செலவும். மொராய், பிசாக், ஒய்யான்தாய்தாம்போ, சின்சேரோ ஆகியவற்றுக்கு ஒரே கூட்டுச்சீட்டு வாங்க வேண்டும். அண்மைக்காலமாக முழுச்சீட்டு 130 சோல் (பெருவின் நாணயம்), பள்ளத்தாக்குக்கு மட்டும் 70 சோல். உப்பளத்துக்குத் தனிச் சீட்டு. சைக்கிள் கட்டணத்தில் இவை பெரும்பாலும் சேராது. மாச்சு பிச்சு ரயிலும் சீட்டும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். ஜூன் 24 இன்டி ராய்மி திருவிழாவை ஒட்டி அறை வாடகை ஏறிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் மழை வெளுத்து வாங்கும். அந்த மாதங்களில் இங்கே சைக்கிளை மறந்துவிடுவது நல்லது.

குஸ்கோ யாருக்கு: முதல்முறை ஆண்டிஸ் போகிறவர்களுக்கு, திறமை கலந்த குழுக்களுக்கு, குடும்பத்தில் ஒருவர் மட்டும் ஓட்டுகிறவராக இருந்தால் அவருக்கு. மற்றவர்களுக்கு ஒரு வாரம் பார்க்க இன்கா இடங்கள் இருக்கின்றன.

## கித்தோ: குறைந்த நாளில் முடிக்க

இங்கே வேலை சுருக்கம். ஐரோப்பாவிலிருந்து நேரடி விமானம், 2013இல் திறந்த விமான நிலையம் நகரத்தைவிடத் தாழ்வில், சுமார் 2,400 மீட்டரில். 2000ஆம் ஆண்டு முதல் அமெரிக்க டாலரே நாட்டின் பணம், எனவே மாற்றுகிற தொல்லை இல்லை. 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலைத் தொடங்கியபோது அதில் முதலில் இடம்பிடித்த இடங்களில் கித்தோவின் பழைய நகரமும் ஒன்று. ஞாயிறு காலைகளில் முக்கியச் சாலைகளை அடைத்துச் சைக்கிளுக்கு விட்டுவிடுகிறார்கள். வந்த மறுநாள் உடம்பைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. கும்பாயாவிலிருந்து புவேம்போ வரை பழைய ரயில் பாதையைச் சைக்கிள் தடமாக மாற்றியிருக்கிறார்கள். சுரங்கப்பாதைகளும் பாலங்களுமாக 20 கிலோமீட்டர், குழந்தைகளையும் கூட்டிப்போகலாம்.

பெரிய நாள் கோட்டோபாக்ஸி. 5,897 மீட்டர் உயரமுள்ள எரிமலை. வேன் சுமார் 4,500 மீட்டரில் உள்ள வண்டி நிறுத்தம் வரை ஏறும். அங்கிருந்து லிம்பியோபுங்கோ ஏரி வரை எரிமலைச் சாம்பலும் சரளையும் கலந்த சாலையில் இறக்கம். பாதை குறுகியதல்ல, பள்ளமும் இல்லை. ஆனால் மேற்பரப்பு வரிவரியாக அலைபோல இருக்கும், பல்லும் கையும் நடுங்கும். காற்று வேறு ஆளைத் தள்ளும். பத்துக் கிலோமீட்டருக்குள் நல்ல இறக்கம் முடிந்துவிடும். மீதி, ஏரியைச் சுற்றி 3,800 மீட்டரில் மிதிப்பது. அந்த உயரத்தில் சமதரையில் மிதிப்பதே மூச்சு வாங்கவைக்கும் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. எரிமலை 2015இலும், மறுபடி 2022 இறுதியிலிருந்து சில மாதங்களும் சாம்பல் கக்கியது. அப்படிப்பட்ட காலங்களில் பூங்காவின் மேல்பகுதியை மூடிவிடுவார்கள். அதனால் மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

அந்த மாற்று பான்யோஸ். சுமார் 1,800 மீட்டர்தான். அங்கே ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, வழிகாட்டி இல்லாமலே அருவிச் சாலையில் பைலோன் தெல் தியாப்லோ அருவி வரை இறங்கி, சைக்கிளை லாரியில் ஏற்றித் திரும்பலாம். உயரப் பிரச்சினை இல்லை, செலவும் சொற்பம். உயரத்தில் இன்னும் ஆசை இருப்பவர்களுக்கு ரியோபாம்பாவுக்குப் பக்கத்தில் சிம்போராசோ இருக்கிறது. பூமியின் மையத்திலிருந்து அளந்தால் மிகத் தொலைவில் நிற்கும் சிகரம் அது. சைக்கிள் 4,800 மீட்டருக்கு மேல் தொடங்குகிறது. மூன்று நான்கு இரவு பழகிய பிறகு போங்கள்.

ஈக்வடாரின் பாதுகாப்பு நிலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் அரசு, குற்றக் கும்பல்களுக்கு எதிராக உள்நாட்டு ஆயுத மோதல் நிலையை அறிவித்தது. வன்முறை பெரும்பாலும் கடற்கரைப் பகுதிகளில்தான். ஆனாலும் கித்தோவில் இருட்டிய பிறகு நடப்பதைத் தவிர்த்து வண்டி பிடிப்பதே சரி.

கித்தோ யாருக்கு: ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டியவர்களுக்கு, கலாபகஸ் தீவுகளும் திட்டத்தில் உள்ளவர்களுக்கு, உயரம் தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று தெரியாதவர்களுக்கு. தேர்ந்த சைக்கிள்காரருக்கு இது கொஞ்சம் குறைவாகப்படும்.

## கட்டணத்தில் தெரியாத செலவுகள்

விசா. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஷெங்கன் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்புரிமையோ வைத்திருக்கும் இந்தியர்கள், அது குறைந்தது ஆறு மாதம் செல்லும் என்றால், பெருவுக்கு விசா இல்லாமல் போகலாம். ஈக்வடாரும் பொலிவியாவும் பொதுவாக நமக்கு விசா கேட்கின்றன. விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் போடுமுன் தூதரகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். விலை குறைந்த டிக்கெட்டைப் பார்த்ததும் வாங்கிவிட்டு இங்கே மாட்டுகிறவர்கள் பலர்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் மூன்று நாடுகளும் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் சான்றிதழ் இல்லாமல் இந்தியா வந்து இறங்கினால் தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. யோலோசா, சாந்தா மரியா போன்ற தாழ்வான பகுதிகளுக்கு இறங்குகிறவர்களுக்கு ஊசி உடம்புக்கே தேவை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 60 வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும்.

காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீடு பல சமயம் மலை இறக்கச் சைக்கிளையும், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடக்கும் விபத்தையும் விலக்கிவிடும். ஒப்பந்தத்தில் இந்த இரண்டு வரியையும் தேடிப் படியுங்கள். 4,500 மீட்டர் வரை என்று எழுதியிருந்தால் லா கும்ப்ரேயில் நீங்கள் காப்பீடு இல்லாதவர்.

முடக்க நாட்கள். மூன்று நாடுகளிலும் சாலை மறியல் சகஜம். 2022 டிசம்பரில் தொடங்கிய போராட்டங்களின்போது குஸ்கோ விமான நிலையம் மூடப்பட்டது, 2023 ஜனவரியில் மாச்சு பிச்சுவும் மூடப்பட்டது. பொலிவியாவில் 2023 முதல் டாலரும் பிறகு எரிபொருளும் தட்டுப்பாடானதில் பயணத் திட்டங்கள் குழம்பின. எந்த ஊரானாலும் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளின் தரம். ஒரே பாதைக்கு ஒரு கடையில் ஒரு விலை, பக்கத்துக் கடையில் அதில் பாதி என்றால் வித்தியாசம் பிரேக்கில் இருக்கும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கா, பிரேக் கட்டை எப்போது மாற்றியது, குழுவுக்கு முன்னும் பின்னும் வழிகாட்டி உண்டா, வேன் கடைசி வரை கூட வருமா என்று முதல் நாள் மாலையே கடைக்குப் போய்ப் பாருங்கள். பிரேக் பிடியை அழுத்தினால் கைப்பிடியை வந்து தொடக்கூடாது. இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். நம் ஊர்ச் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வலக்கைப் பிடிதான் முன்பிரேக். அங்கே பெரும்பாலும் இடக்கைப் பிடி முன்பிரேக். பழக்கத்தில் இடக்கையை இறுக்கினால் சரளையில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும். தொடங்குமுன் ஒவ்வொரு பிடியையும் தனித்தனியாக அழுத்தி எது எந்தச் சக்கரம் என்று பாருங்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், நல்ல கடைகள் மறுக்காது.

மருந்தும் கோக்கா தேநீரும். உயர நோயைத் தடுக்க அசெட்டாசோலமைடு மாத்திரையை டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். லா பாஸிலும் குஸ்கோவிலும் விடுதிக்கு விடுதி கோக்கா இலைத் தேநீர் வைத்திருப்பார்கள். அங்கே அது சட்டப்படி சரி. ஆனால் ஒரு பாக்கெட்கூட ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இந்தியாவில் கோக்கா இலை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது.

## எந்த ஊர், எத்தனை நாள்

ஏழெட்டு நாள்தான் இருக்கிறது என்றால் கித்தோ. ஞாயிறு நகரச் சாலையில், நடுவாரத்தில் ரயில் தடம், கடைசியில் கோட்டோபாக்ஸி.

பத்து முதல் பன்னிரண்டு நாள் என்றால் குஸ்கோ, அதுவும் பள்ளத்தாக்கில் தங்கி. மூன்றாம் நாள் மராஸ் – மொராய், நான்காம் ஐந்தாம் நாள் மாச்சு பிச்சு, திரும்பி வந்து திறமைக்கேற்ப மாலகா. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

மரணச் சாலையை விடவே மனம் இல்லை என்றால் பதினாறு நாளாவது ஒதுக்கி குஸ்கோ, லா பாஸ் இரண்டையும் சேருங்கள். வரிசை மட்டும் மாறக்கூடாது. முதலில் உருபாம்பா பள்ளத்தாக்கு, பிறகு குஸ்கோ ஊர், அங்கிருந்து பேருந்தில் புனோ, டிட்டிகாகா கரையில் 3,800 மீட்டரில் ஓரிரு இரவு, கோப்பகபானா வழியாக லா பாஸ். டிட்டிகாகா வரை ஒவ்வொரு நிறுத்தமும் முந்தியதைவிடக் கொஞ்சம் உயரம். லா பாஸ் போய்ச் சேரும்போது உடம்பு பத்து நாள் பழகியிருக்கும். விமானச் சீட்டு போடும்போது லிமாவில் இறங்கி லா பாஸிலிருந்து கிளம்புவதுபோலப் போடுங்கள், இல்லாவிட்டால் வந்த வழியே குஸ்கோவுக்குத் திரும்ப ஒரு முழு நாள் போய்விடும். மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை இரு பக்கமும் வறண்டிருக்கும், ஆனால் ஜூன், ஜூலை இரவுகளில் புனோவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். பல விடுதிகளில் அறைக்குள் சூடேற்றும் வசதி இருக்காது, முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.